நொச்சி வீரரும் கோகிமாக் கல்லும்

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளுக்கிடையே அமைந்த தானா ராத்தாவில், 1950-களில் பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி நடைபெற்று வந்தது. அதற்குச் ‘சிலிம் பள்ளி’ என்று பெயர். பேராக் மாநிலத்துச் சிலிம் ஆற்றின் பெயரே அது என்று கருதிவிடுதல் எளிது. ஆனால் அது ஆற்றின் பெயரன்று. ஓர் ஆளின் பெயர். இரண்டாம் உலகப் போரில் பதினான்காம் படையின் தளபதியாக விளங்கிய பீல்டு மார்ஷல் வில்லியம் சிலிம் என்பாரை அது குறித்தது. 1944-ஆம் ஆண்டில் இந்தியாவின் வடகிழக்கு எல்லையில் இம்பால், கோகிமா ஆகிய இரண்டு இடங்களிலும் ஜப்பானியப் படையைத் தடுத்து நிறுத்தி வென்றவர் அவர். மலாயாத் தோட்டத் தமிழரில் ஆயிரமாயிரம் பேரைப் பலி கொண்ட ஒரு பெரும்போரின் தளபதி பெயர், தமிழ்க் குடும்பங்கள் கொழுந்து கிள்ளிய மலையில் ஒரு பள்ளிக்குப் பெயராக நின்றது.

அப்போரின் உச்சக் கட்டம் கோகிமா முற்றுகையாகும். அம்முற்றுகையைத் தாங்கி நின்ற வீரர்களுக்கு எழுப்பப்பட்ட நினைவுச்சின்னங்கள் இன்று உலகறிந்தவை. அவை எவருடைய பெயரைச் சொல்லுகின்றன, எவருடைய பெயரைச் சொல்லாமல் விடுகின்றன என்பது தமிழாசிரியர்கள் சிந்தித்தற்குரியது. முற்றுகைக்கும் நினைவுக் கல்லுக்கும் இலக்கணம் வகுத்த மொழி தமிழ் ஆதலின் என்க.

உழிஞையும் நொச்சியும்

பகைவனது மதிலைச் சூழ்ந்து நின்று அதனைக் கைப்பற்றுதலைத் தொல்காப்பியர் உழிஞைத் திணை என்றார். மதிலுள் அடைபட்டோர் அதனைக் காத்து நிற்றலும் அத்திணையுள்ளேயே அடங்கும் என்பது அவர் கொள்கை. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனார் காத்தலைத் தனியே பிரித்து, நொச்சி என்று வேறு திணையாக்கினார். சூழ்ந்தோர் உழிஞைப் பூவும், காத்தோர் நொச்சிப் பூவும் சூடினர். தாக்குதல் ஒரு வீரம்; தாங்குதல் மற்றொரு வீரம். இரண்டும் தம்முள் வேறானவை என்பதை இப்பிரிவு தெளிவாக்குகிறது.

முற்றுகையின் கொடுமை வாளிலும் வேலிலும் மட்டும் இல்லை என்பதையும் பழந்தமிழ்ப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருந்தபோது, உள்ளே அடைத்துக்கொண்டிருந்த நெடுங்கிள்ளியை நோக்கிக் கோவூர்கிழார் பாடிய பாடல் புறநானூற்றில் 44-ஆம் பாட்டாக உள்ளது. நீராடவும் உணவுண்ணவும் பெறாத யானைகள் முழங்குகின்றன; பாலின்றிக் குழந்தைகள் கதறுகின்றன; மகளிர் பூவின்றிக் கூந்தலை முடிக்கின்றனர்; நீரில்லாத வீடுகளிலிருந்து அழுகுரல் எழுகின்றது. அப்பாட்டில் போர்க்களக் காட்சி ஏதும் இல்லை. உணவும் நீரும் அற்றுப்போன ஊரின் காட்சியே உள்ளது. பறம்பு மலையை மூவேந்தர் சூழ்ந்தபோது, பறவைகளைப் பழக்கி வெளியிலிருந்து நெற்கதிர் கொணரச் செய்தனர் என்ற செய்தியை அகநானூறு குறிக்கின்றது. முற்றுகையை முடிவு செய்வது சோறும் நீரும் அவை வந்து சேரும் வழியும் ஆகும். கோகிமாவிலும் இதுவே நிகழ்ந்தது.

மலைமேல் ஒரு சாலை

கோகிமா இன்று நாகாலாந்து மாநிலத்தின் தலைநகர். 1944-இல் அது அசாமைச் சேர்ந்த நாகமலை மாவட்டத்தின் தலைமையிடம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், கேமரன் மலையைப் போன்றே குளிரும் மூடுபனியும் உடைய இடம். திமாப்பூர் ரயில் நிலையத்திலிருந்து மணிப்பூரின் தலைநகரான இம்பாலுக்குச் செல்லும் மலைச்சாலை கோகிமாவின் வழியே செல்லுகின்றது. இம்பாலில் இருந்த படைக்கு நிலவழியாக உணவும் வெடிமருந்தும் செல்ல இந்த ஒரு சாலையே வாய்ப்பான வழி. கோகிமா வீழ்ந்தால் இம்பால் துண்டிக்கப்படும். அடுத்துத் திமாப்பூர்ப் பண்டகசாலையும், அசாம் ரயில் பாதையும் ஆபத்துக்குள்ளாகும்.

1944 மார்ச்சில், முத்தாகுச்சி ரென்யா என்னும் தளபதியின் கீழிருந்த ஜப்பானியப் பதினைந்தாம் படை இந்திய எல்லைக்குள் புகுந்தது. அதன் ஒரு பிரிவாகிய 31-ஆம் டிவிஷன், சாத்தோ கொத்தொக்கு என்பவர் தலைமையில், சிந்துவின் ஆற்றைக் கடந்து கோகிமாவை நோக்கி மலைக்காடுகளின் ஊடே நடந்தது. ஏறத்தாழ 15,000 பேர் கொண்ட அப்பிரிவு, மூன்று வாரங்களுக்கு வேண்டிய உணவை மட்டுமே உடன் கொண்டு சென்றது. அத்துணைப் பெரிய படை அக்காட்டு வழியே வரக்கூடும் எனத் தாம் எதிர்பார்க்கவில்லை என்பதைச் சிலிம் 1956-இல் வெளியிட்ட தம் போர் நினைவு நூலில் ஒப்புக்கொண்டார்.

முற்றுகை நாட்கள்

கோகிமாவில் இருந்த காவற்படை ஏறத்தாழ 2,500 பேர். அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேர் படைக்கலம் ஏந்தாத பணியாளர். கர்னல் ஹியூ ரிச்சர்ட்ஸ் தலைமை தாங்கினார். ராயல் வெஸ்ட் கென்ட் ரெஜிமென்டின் நான்காம் பட்டாளமும், அசாம் ரெஜிமென்ட், அசாம் ரைபிள்ஸ் ஆகியவற்றின் வீரரும், மற்றும் பல சிறு பிரிவினரும் அங்கிருந்தனர். அசாம் ரெஜிமென்டின் முதற் பட்டாளத்தார் அதற்கு முன்பே ஜெஸ்ஸாமி, கராசோம் என்னும் ஊர்களில் ஜப்பானியரைத் தடுத்துச் சில நாட்களைப் பெற்றுத் தந்து, களைத்த நிலையில் கோகிமா வந்து சேர்ந்தவர்கள்.

ஏப்ரல் 4-ஆம் நாள் போர் தொடங்கியது. 6-ஆம் நாளுக்குள் கோகிமா முற்றிலும் சூழப்பட்டது. குன்றுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. நீர்த்தேக்கம் இருந்த பகுதி தொடக்கத்திலேயே பகைவர் கைக்குப் போயிற்று. காவற்குன்றின் வடபுறத்தில் ஒரு சிறு ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் இரவின் இருளில் மட்டுமே அதனை அணுக முடிந்தது. காயமுற்றோர் கிடந்த மருத்துவக் குழிகளும் பகைவர் குண்டுக்கு இலக்காயின. ஒருமுறை புண்பட்டவர் மருந்துக்குக் காத்திருக்கும்போதே மறுமுறையும் புண்பட்டனர். விமானங்கள் நீரும் வெடிமருந்தும் கட்டிய பொதிகளைக் குடைகளில் இறக்கின. அவற்றுள் சில பகைவரிடமே வீழ்ந்தன. பறம்பு மலையின் பறவைகளை நினைவூட்டும் செய்தி இது.

மாவட்ட ஆணையர் சார்லஸ் பாசியின் மாளிகையும், அதனை அடுத்திருந்த டென்னிஸ் ஆடுகளமும் கடும் போருக்கு இடமாயின. ஆடுகளத்தின் ஒருபுறம் காவற்படை, மறுபுறம் ஜப்பானியர். இரு சாராருக்கும் இடையில் இருந்த தொலைவு அந்த ஆடுகளத்தின் அளவே. பாசி ஊரை விட்டு வெளியேறாமல் முற்றுகை முழுவதும் உடனிருந்தார். நாகர்கள் வழிகாட்டிகளாகவும், காயமுற்றோரைச் சுமந்து செல்வோராகவும் உதவினர். இரண்டு மைல் தொலைவிலிருந்த ஜோட்சோமாவில் 161-ஆவது இந்தியப் பிரிகேடின் பீரங்கிகள் இருந்தன. அவை மட்டும் இல்லையாயின் காவற்படை அத்தனை நாள் நின்றிருத்தல் அரிது.

ஏப்ரல் 17-ஆம் நாள் இரவில் மேலும் ஒரு குன்று வீழ்ந்தது. காப்போர் கையில் எஞ்சியது காவற்குன்று ஒன்றே. மறுநாள் காலை, பஞ்சாப் ரெஜிமென்ட் வீரர்கள் முற்றுகையை உடைத்து உள்ளே வந்தனர். 20-ஆம் நாள் புதிய படை பொறுப்பேற்றது.

அத்துடன் போர் முடிந்துவிடவில்லை. டென்னிஸ் ஆடுகளப் பகுதி மே 13-ஆம் நாளில்தான் மீட்கப்பட்டது. உணவு வருமென்று மேலிடம் கூறிய சொல் பொய்யாகவே, பட்டினியில் வாடிய தம் வீரரைச் சாத்தோ மே 31-இல் தாமே முடிவு செய்து திருப்பி அழைத்தார். அதனால் பதவி இழந்தார். ஜூன் 22-ஆம் நாள், கோகிமாவிலிருந்து சென்ற படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் 109-ஆவது மைல்கல் அருகே சந்தித்தன. கோகிமாப் போரில் பிரிட்டிஷ்-இந்தியப் படையில் மாண்டோர், புண்பட்டோர், காணாமற் போனோர் ஏறத்தாழ 4,000 பேர். ஜப்பானியர் இழப்பு அதனினும் மிகுதி. திரும்பும் வழியில் பசியாலும் நோயாலும் மடிந்தோர் மிகப் பலர். நொச்சியார் தாங்கினர், உழிஞையார் சோறின்றித் தோற்றனர்.

கல்லறைத் தோட்டமும் காட்சிச்சாலைகளும்

போர் நடந்த அதே குன்றின் சரிவில் கோகிமாப் போர்க் கல்லறைத் தோட்டம் அமைந்துள்ளது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 1,420 பேர் அங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். டென்னிஸ் ஆடுகளத்தின் கோடுகள் வெண்காரையில் இன்றும் காட்டப்பட்டுள்ளன. தம் சமய முறைப்படி எரியூட்டப்பெற்ற இந்து, சீக்கிய வீரர் 917 பேருடைய பெயர்களைத் தாங்கிய தனி நினைவிடமும் அங்குண்டு. புதைத்தவனுக்குக் கல் இருக்கும். எரித்தவனுக்கு இடமே இராது என்ற குறை நேராதவாறு செய்த ஏற்பாடு அது. தளபதியாயினும் சிப்பாயாயினும் ஒரே அளவான கல் என்பது இத்தகைய கல்லறைத் தோட்டங்களுக்குப் பொதுவான விதி.

தோட்டத்தின் அடிவாரத்தில் பிரிட்டிஷ் இரண்டாம் டிவிஷனின் நினைவுக்கல் நிற்கின்றது. அது செதுக்கி அடுக்கிய மண்டபம் அன்று. நாகர்கள் இழுத்துக் கொணர்ந்து நாட்டிய ஒற்றைப் பெருங்கல். பெருங்கற்களை ஊர்கூடி இழுத்து வந்து நாட்டுதல் நாகர்களின் தொன்மையான வழக்கம். அக்கல்லில் பொறித்த கையறுநிலை வாசகம் உலகெங்கும் புகழ் பெற்றது. அது எட்மண்ட்ஸ் என்னும் ஆங்கிலப் புலவருடையது என்பர். தெர்மாப்பிலிக் கணவாயில் மாண்ட கிரேக்க வீரர்க்குச் சிமோனிடிஸ் பாடியதாகக் கூறப்படும் பாட்டின் சாயலை உடையது. கிரேக்க மரபும் நாகர் மரபும் ஒரே கல்லில் கூடியுள்ளன. தமிழ் நடுகல் மரபுக்கு அவை இரண்டும் அயலானவை அல்ல.

இங்கிலாந்தின் யார்க் நகரில் இரண்டாம் டிவிஷனார் கோகிமாக் காட்சிச்சாலை ஒன்றை அமைத்தனர். கோகிமாவுக்கு அருகில் கிசாமா என்னும் ஊரில் இரண்டாம் உலகப் போர்க் காட்சிச்சாலை உண்டு. போரின் 75-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2019 ஜூன் 22-இல் இம்பால் அமைதிக் காட்சிச்சாலை ஜப்பானியர் உதவியுடன் திறக்கப்பட்டது. உழிஞை சூடியோரின் மக்களும் நொச்சி சூடியோரின் மக்களும் ஒரே இடத்தில் வணங்குதற்குரிய நிலை இன்று வந்துள்ளது.

கற்கள் சொல்லாதவை

முற்றுகையை முடிவு செய்தது வழி என்றால், அவ்வழியை அமைத்தவர் யார் என்ற கேள்வி எழுகின்றது. இதற்கு விடை தேடினால் இரு பக்கத்திலும் தோட்டத் தொழிலாளரே தென்படுகின்றனர்.

1942-இல் பர்மா வீழ்ந்தபோது, இரங்கூனிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் பல்லாயிரக்கணக்கான இந்தியர் கால்நடையாக இந்தியா திரும்பினர். அவர்களுள் தமிழர் பலர். தாமு, இம்பால், திமாப்பூர் என்பது அவர்கள் நடந்த வழிகளுள் ஒன்று. அவர்களுக்குச் சோறும் நிழலும் தரவும், அதே வழியைப் படைகள் செல்லும் சாலையாக விரிக்கவும் அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் அனுப்பப்பட்டனர். இந்தியத் தேயிலைச் சங்கம் இவ்வேலையை ஏற்று நடத்தியது. மண்வெட்டியும் கூடையும் கொண்டு அவர்கள் சீர்ப்படுத்திய சாலையே பின்னர்க் கோகிமாவையும் இம்பாலையும் காப்பாற்றிய சாலை.

மறுபக்கத்தில், பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புதல் இடர் மிக்கதாயிற்று. ஆகவே சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. தமிழர் அதனைச் ‘சயாம் மரண ரயில்’ என்றே வழங்குவர். மலாயாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து, மூன்று மாத வேலை என்ற சொல்லை நம்பிச் சென்றோரும் உண்டு. வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோரும் உண்டு. காலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் அடியாலும் அவர்கள் மடிந்தனர். இந்தியாவின் மேற்படையெடுத்த ஜப்பானியருக்குப் பொருள் வந்த வழிகளுள் ஒன்று, இவ்வாறு மலாயாத் தமிழர் எலும்பின் மேல் அமைந்த பாதையாகும்.

அப்பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர். மாண்டோர் ஏறத்தாழ 12,000 பேர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,982 போர்க்கைதிகள் பெயரோடும் எண்ணோடும் துயில்கின்றனர். அவர்களைப் போலப் பல மடங்கினர் ஆசியத் தொழிலாளர். அவர்களுள் மாண்டோரும் பல மடங்கினர். ஆயினும் அவர்களுடைய தொகையை மதிப்பிட்டுச் சொல்ல முடிகிறதே அன்றி எண்ணிச் சொல்ல முடிவதில்லை. படைவீரனுக்குப் பதிவேடு உண்டு. அவன் இறந்தால் ஓர் எண் குறையும். எண் குறைந்தால் தேடுவார் உளர். கூலியாளுக்கோ கங்காணியின் கணக்கைத் தவிர வேறு பதிவேடு இல்லை. பெயர் மறைந்ததற்குக் காரணம் வீரம் குறைந்தது அன்று; பதிவு இல்லாமையே ஆகும்.

இடிக்கப்பட்ட கல்

நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். 1944-இல் எல்லைப் போர்முனைக்குச் சென்ற அதன் முதற் பிரிவுகளில் முன்னாள் இந்தியப் படையினரே மிகுதி. மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர், பின்னர் உருவான பிரிவுகளில் பெருந்தொகையினராக இருந்தனர். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களும் பலர். மறுபுறம், பிரிட்டிஷ்-இந்தியப் படையின் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவுகளிலும் தமிழர் பர்மாப் போர்முனையில் பாலமும் பாதையும் அமைத்தனர். தமிழர் இரு கொடிகளின் கீழும் நின்ற போர் இது.

தம் வீரர் நினைவாகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் ஒரு நினைவுத்தூணுக்கு 1945 ஜூலை 8-ஆம் நாள் நேதாஜி அடிக்கல் நாட்டினார். தூணும் எழுந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் அதனை இடித்துத் தள்ளினர். அரை நூற்றாண்டு கழித்து, 1995-இல், அவ்விடத்தில் சிங்கப்பூர் அரசு அமைப்பு ஒரு நினைவுக் குறிப்பை நாட்டியது. மணிப்பூரில் மொய்ராங் என்னும் ஊரில், 1944 ஏப்ரல் 14-இல் இந்திய தேசிய ராணுவத்தின் கொடி ஏற்றப்பட்ட இடத்தில், அப்படைக்கெனக் காட்சிச்சாலை உள்ளது. கொடி ஏறிய அந்நாளில்தான், வடக்கே கோகிமாக் குன்றில் இந்திய வீரர் முற்றுகையைத் தாங்கி நின்றனர். இரண்டும் ஒரே போரின் இரு முகங்கள். ஒன்றின் கல்லை நட்டு மற்றொன்றின் கல்லை இடித்தல், வென்றவன் செய்யக்கூடிய செயல். வரலாறு செய்யக்கூடாத செயல்.

நடுகல்லின் ஆறு நிலைகள்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் எடுத்தலைத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுத்தார். அக்கல்லில் வீரனின் பெயரையும் பெருமையையும் எழுதி, வழிகள்தோறும் நாட்டினர் என்பதை அகநானூறு கூறும். இதில் இரண்டு செய்திகள் கவனித்தற்குரியன. ஒன்று, கல் என்றால் பெயர் வேண்டும். மற்றொன்று, கல் நிற்கும் இடம் வழியாக இருத்தல் வேண்டும். போவோர் வருவோர் படித்தற்காக.

கல் படைவீரனுக்கே உரியது என்ற வரையறையையும் தமிழ் கடந்துவிட்டது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்னும் பெயர்களோடு காதைகள் தொடர்கின்றன. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்துக் கங்கையில் நீராட்டிக் கொணர்ந்தது எந்தப் படைத்தலைவனுக்கும் அன்று; கண்ணகி என்னும் ஒரு குடிமகளுக்கு. வாளேந்தாமல் துன்பத்தைத் தாங்கியவருக்கும் கல் உண்டு என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

அந்த மரபு இன்றும் அற்றுப்போகவில்லை. மரண ரயில் பாதையில் மாண்ட தமிழரை நினைந்து, காஞ்சனபுரியில் 2024-ஆம் ஆண்டில் தமிழர்கள் நடுகல் ஒன்று எழுப்பினர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த கல் அது. கோகிமாவில் 917 பெயர்கள் பொறிக்கப்பட்டதுபோல் அங்கே அனைவர் பெயரையும் பொறிக்க இயலாது. பெயர்ப் பட்டியல் இல்லை. அதனைத் திரட்டும் வேலை இனித்தான் நிறைவேற வேண்டும்.

அவ்வேலைக்கு அரசாணை வேண்டுவதில்லை. மலாயாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த குடும்பங்களில், ‘சயாமுக்குப் போனவர்’ என்று சொல்லப்படும் ஒரு பெரியப்பாவோ ஒரு மாமாவோ இல்லாத வீடு அரிது. அவர் பெயர் என்ன, எந்தத் தோட்டத்திலிருந்து போனார், உடன் போனவர் யார், திரும்பி வந்தவர் யார் என்னும் நான்கு கேள்விகளை ஒரு தமிழாசிரியர் தம் மாணவரிடம் தந்து, பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் செய்யலாம். உழிஞை, நொச்சி, நடுகல் ஆகிய பாடங்களை நடத்தும் வகுப்பிலேயே இதனைச் செய்யலாம். தொல்காப்பியர் கூறிய ஆறு நிலைகளில் முதலாவது காட்சி. தகுந்த கல் எதுவெனத் தேடிக் காணுதல். இன்று கல் எளிதிற் கிடைக்கின்றது. தேடிக் காண வேண்டியவை பெயர்களே.